பாம்பன் கூண்டும் பாசிச் சாறும்

என் சித்தப்பாவுக்கு முதுகுளத்தூர் பக்கம் இரண்டரை ஏக்கர் கரிசல், மானாவாரி. புரட்டாசிக் கடைசியில் முண்டு மிளகாய் போடுவார். தையில் பழம் சிவக்கும். மாசி, பங்குனியில் களம் முழுக்க வத்தல் காயும். 2021 ஜனவரியில், ஓய வேண்டிய மழை ஓயாமல் கொட்டியதை இந்தப் பக்கத்து விவசாயிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஈரத்தில் அவருடைய பழங்களில் வட்ட வட்டமாகக் கறுப்பு விழுந்தது. கிளைகள் நுனியிலிருந்து கீழே கருகிக்கொண்டு வந்தன. உரக்கடைக்கு ஓடினார். "கடல்பாசி மருந்துண்ணே, இயற்கையானது, பூசணத்துக்கு நல்லாக் கேக்கும்" என்று ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்தார்கள். அடித்தார். கேட்கவில்லை. அழுகுகிற பழம் அழுகிக்கொண்டேதான் இருந்தது.

நான் ராமேஸ்வரம் பக்கத்துக் கடலோர ஊரான மண்டபத்தில் இருக்கிறேன் என்பதால் பழி என் மேல் விழுந்தது. "உங்க ஊருப் பாசின்னு சொல்றாய்ங்க. தண்ணியக் காசு குடுத்து வாங்கி அடிச்ச மாதிரி இருக்கு" என்றார். அன்றைக்கு எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. அப்புறம் படித்தும் கேட்டும் புரிந்துகொண்டது இதுதான்: பாட்டிலில் இருந்த சரக்கு நல்லதாகவே இருந்திருக்கலாம். அதை மருந்து என்று சொன்னதில்தான் கோளாறு. மருந்து என்றால் நோய் வந்த பிறகு கொடுப்பது. பாசிச் சாறு நோய் வருவதற்கு முன்னால் வேலை செய்கிற சங்கதி. ஏன் அப்படி என்று முதலிலிருந்து பார்ப்போம்.

பாசி என்றால் குளத்தில் பச்சையாக மிதப்பது என்று உள்நாட்டுக்காரர்கள் நினைப்பார்கள். எங்கள் கரையில் அந்தச் சொல்லுக்குள் ஒரு சந்தையே இருக்கிறது. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடா பாசி என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் விலையும் உண்டு. பாம்பன், சின்னப்பாலம் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பாறையிலிருந்து பறித்துவருகிற பாசிகள் இவை. முதல் இரண்டும் அகர் ஆலைக்குப் போகும். பின்னிரண்டும் ஆல்ஜினேட் ஆலைக்கு. இரண்டுமே பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்கள். இவை போக, 1990-களில் ஆராய்ச்சிக்காக மண்டபத்துக்கு வந்து, 2000-களில் பெப்சிகோ நிறுவனம் ஒப்பந்த முறையில் வளர்க்கச் செய்த கப்பாபைகஸ் என்ற சிவப்புப் பாசி இருக்கிறது. அதனால் இன்னமும் கரையில் அதற்குப் 'பெப்சி பாசி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் மூங்கில் மிதவை, அதில் வரிசையாகக் கட்டிய கயிறுகள், கயிறு நெடுக விதைப்பாசித் துண்டுகள். நாற்பத்தைந்து நாளில் அறுவடை.

இந்தப் பாசியைக் காயவைக்காமல் பச்சையாக அரைத்துப் பிழிந்தால் சாறு ஒரு பக்கம், சக்கை ஒரு பக்கம் பிரியும். சக்கையிலிருந்து கேரஜீனன் எடுத்து ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் சேர்ப்பார்கள். சாறு பயிருக்குத் தெளிக்கப் போகும். ஒரே பாசியிலிருந்து இரண்டையும் எடுக்கும் இந்த முறையை உருவாக்கியது பாவ்நகரில் இருக்கும் மத்திய உப்பு மற்றும் கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம். அதன் நிலையம் ஒன்று மண்டபத்திலேயே இருக்கிறது.

பயிருக்குப் பாசி போடுவது ஒன்றும் புதிது இல்லை. கரையில் ஒதுங்கிய பாசியை வாரித் தென்னைமூட்டில் புதைப்பதைக் கடலோரத்தில் பிறந்த யாரும் பார்த்திருப்பார்கள். அது எரு. அதில் சாம்பல்சத்து இருக்கிறது, மட்கினால் மண் பொலபொலப்பாகும், அவ்வளவுதான் கணக்கு. இங்கே நாம் பேசப்போவது வேறொரு குணம். பாசியின் உடம்பில் இருக்கும் சில மாவுப்பொருள்கள், பூசணம் தாக்க வந்துவிட்டது என்று செடியை நம்பவைக்கின்றன. ஆமாம், ஏமாற்றுவேலைதான்.

பூசணம் எப்படித் தாக்குகிறது என்று தெரிந்தால்தான் ஏமாற்று புரியும்.

பூசணத்தின் வித்து கண்ணுக்குத் தெரியாத பொடி. காற்றிலோ மழைத்தெறிப்பிலோ வந்து இலைமேல் உட்காரும். இலை சில மணி நேரம் ஈரமாக இருந்தால் முளைவிடும். முளையின் நுனி உப்பி, இலையோடு பிசின் வைத்தது போல ஒட்டிக்கொண்டு ஒரு சிறு குமிழாகும். நெல்லில் குலைநோயை உண்டாக்கும் பூசணம் இந்தக் குமிழுக்குள் ஏற்றுகிற அழுத்தம் கிட்டத்தட்ட 80 வளிமண்டல அளவு என்று அளந்திருக்கிறார்கள். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு சொச்சம்தான். அந்த அழுத்தத்தில் குமிழின் அடியிலிருந்து ஊசிபோல ஒன்று இறங்கி இலையின் தோலைத் துளைக்கும். உள்ளே போன பிறகு பூசணம் நூல்நூலாகப் பரவிச் செடியைத் தின்னும்.

மிளகாயில் பழ அழுகலையும் நுனிக்கருகலையும் உண்டாக்குவது கொலெட்டோட்ரைக்கம் என்ற பூசணக் கூட்டம். இதுவும் குமிழ் கட்டித் துளைக்கும் ரகம்தான். இதனிடம் இன்னொரு குணமும் உண்டு, விவசாயிகள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. காய் பச்சையாக இருக்கும்போதே இது உள்ளே நுழைந்து, ஒன்றும் செய்யாமல் பதுங்கி இருக்கும். பழம் சிவக்கத் தொடங்கியதும் எழும். ஆக, தை மாதம் சித்தப்பாவின் கண்ணில் பட்ட கறுப்பு வட்டம் அன்றைக்கு வந்த நோய் இல்லை. மார்கழியிலேயே காய்க்குள் குடிவந்தது. அவர் பாட்டிலைத் திறந்தபோது திருடன் வீட்டுக்குள் வந்து சாப்பிட்டுப் படுத்தே விட்டான்.

சரி, செடி சும்மாவா இருக்கிறது? அதற்கு ஓடத் தெரியாது, நம் ரத்தத்தில் இருப்பது போல ஓடித் திரிந்து கிருமியைப் பிடிக்கும் காவல் அணுக்களும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு செல்லும் தனக்குத் தானே காவல்காரன். செல்லின் வெளிச்சவ்வில் ஏற்பிகள் என்ற புரதங்கள் நிற்கின்றன. அவை வெளியே வருவதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். பூசணத்தின் உடம்புச் சுவர் கைட்டின், பீட்டா குளுக்கான் என்ற இரண்டு பொருள்களால் பின்னப்பட்டது. கைட்டின் என்பது இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் இருக்கும் அதே பொருள். பூசணம் நெருங்கும்போது செடியிலிருந்து கசியும் நொதிகள் அந்தச் சுவரைக் கொஞ்சம் கடித்துத் துணுக்குகளாக்கும். துணுக்கு ஏற்பியில் வந்து ஒட்டியதும் செடிக்குத் தெரிந்துவிடும்: இது நம் வீட்டுச் சரக்கு இல்லை.

அதன்பிறகு நடப்பது வேகமாக நடக்கும். சில நிமிடங்களில் செல்லுக்குள் கால்சியம் பாயும். அந்த இடத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு சுரக்கும், புண்ணைக் கழுவ ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் அதே திரவம்தான். துளை விழும் இடத்துக்கு நேர் உள்ளே காலோஸ் என்ற பொருளால் செடி அடைப்பு போடும். சுவரில் லிக்னினை ஏற்றி மரம்போல் இறுக்கும். பூசணத்தின் சுவரைக் கரைக்கும் கைட்டினேஸ், குளுக்கனேஸ் நொதிகளைக் கூடுதலாகச் சுரக்கும். பூசணத்துக்கு ஆகாத கசப்பான வேதிப்பொருள்களைத் தயாரிக்கும். இதெல்லாம் எல்லாச் செடியிடமும் இருக்கிறது. நோயில் விழுகிற செடியிடமும் இருக்கிறது. விழுகிற செடி இதையெல்லாம் தாமதமாகச் செய்கிறது என்பதே பல நேரங்களில் வித்தியாசம்.

பாசி உள்ளே வருவது இந்தத் தாமதத்தில்தான்.

கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகள் தங்கள் உணவை லாமினாரின் என்ற மாவுப்பொருளாகச் சேர்த்துவைக்கின்றன, நெல் மாவுச்சத்தைச் சேர்ப்பது போல. லாமினாரின் என்பது என்ன தெரியுமா? அதுவும் ஒரு பீட்டா குளுக்கான். பூசணத்தின் சுவரில் சர்க்கரை மணிகள் எந்தக் கொக்கியில் கோக்கப்பட்டிருக்கின்றனவோ அதே கொக்கியில்தான் இதிலும் கோக்கப்பட்டிருக்கின்றன. பாசிக்கும் பூசணத்துக்கும் சொந்தபந்தம் எதுவும் இல்லை, தையல் மட்டும் ஒன்று. இலைமேல் தெளித்த லாமினாரினை ஏற்பி தடவிப் பார்க்கும்போது அதற்கு ஆளை அடையாளம் தெரிவதில்லை. பூசணம்தான் என்று முடிவு கட்டி எச்சரிக்கை மணியை அடித்துவிடுகிறது.

சிவப்புப் பாசியின் கேரஜீனன் கதை கொஞ்சம் வேறு. கேரஜீனன் சங்கிலியில் இடையிடையே சல்பேட் தொங்கும். நிலத்தில் வளரும் செடிகளின் உடம்பில் இப்படிச் சல்பேட் தொங்கும் மாவுப்பொருளைக் காண்பது அரிது. கடல்வாசிகளுக்கே உரிய உடுப்பு அது. அந்நியன் என்று செடி சட்டெனக் கண்டுகொள்வதற்கு அந்த உடுப்பு உதவுகிறது. சல்பேட் அதிகமான கேரஜீனன் வகை புகையிலை போன்ற செடிகளில் காவலைக் கூடுதலாகத் தூண்டுவதைப் பார்த்திருக்கிறார்கள். மண்டபத்துப் பாறைகளில் வழுக்கிவிடுகிற மெல்லிய பச்சைப் பாசி, உல்வா இனம், அதிலும் உல்வான் என்ற சல்பேட் சங்கிலி இருக்கிறது. பீன்ஸ் செடியில் உல்வானை முன்கூட்டித் தெளித்துப் பார்த்தபோது கொலெட்டோட்ரைக்கம் உண்டாக்கும் புண்கள் குறைந்தன. நம் மிளகாயைக் கெடுக்கும் அதே கூட்டம் என்பதால் இந்த ஆய்வைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் உற்சாகமாகவே இருந்தது. வழுக்கி விழவைக்கிற பாசிக்கும் ஒரு மரியாதை.

இந்த மணியடிப்பைச் சித்தப்பாவுக்கு விளக்க நான் பாம்பனைத்தான் துணைக்குக் கூப்பிட்டேன்.

வங்கக்கடலில் எங்கோ காற்றழுத்தம் தாழ்ந்தால் பாம்பன் துறைமுகத்தில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். இங்கே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும், கடல் எண்ணெய் மாதிரிக் கிடக்கும். ஆனாலும் கூண்டைப் பார்த்ததும் வேலை தொடங்கிவிடும். நாட்டுப்படகைக் கரைக்கு இழுப்பார்கள், விசைப்படகுக்கு இரண்டாவது நங்கூரம் போடுவார்கள், வலையை மேட்டுக்கு ஏற்றுவார்கள். கூண்டு புயலை நிறுத்தாது. ஒரு அலையைக்கூட அது தடுக்காது. ஆனால் கூண்டு பார்த்துக் கட்டிய படகும், காற்று வந்த பிறகு கட்ட ஓடிய படகும் ஒன்றாக இருக்காது. பாசிச் சாறு செடிக்கு ஏற்றுகிற கூண்டு. புயல் பாதிப் படகை உடைத்துவிட்ட பிறகு கூண்டு ஏற்றி என்ன பயன்?

"அப்ப நான் புயலடிக்கிறப்பக் கூண்டு ஏத்திருக்கேன்" என்றார் சித்தப்பா. அதேதான்.

இந்த உவமையில் இன்னொரு வசதியும் இருக்கிறது. தினமும் கூண்டு ஏற்றிவைத்தால் என்ன ஆகும்? யாரும் கடலுக்குப் போக முடியாது, மீன் இருக்காது, அடுப்பு எரியாது. செடிக்கும் அப்படித்தான். காவலுக்குச் செலவாகும் சர்க்கரையும் தழைச்சத்தும் காய்க்குப் போக வேண்டியவை. எந்நேரமும் முழுக் காவலில் நிற்கும்படி மரபணுவை மாற்றிய சில செடிகள் ஆய்வுக்கூடத்தில் குட்டையாக, சோனியாக நின்றுவிடுகின்றன. அதனால்தான் ஆராய்ச்சியாளர்களுக்கு இன்னொரு நிலைமேல் ஆசை. செடி ஆயுதத்தை எடுத்து வீசவும் வேண்டாம், தூங்கவும் வேண்டாம். படகைக் கட்டிவைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். உண்மையான பூசணம் வரும்போது, வழக்கமாக இரண்டு நாளில் செய்வதைச் சில மணி நேரத்தில் செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் இதைப் பிரைமிங் என்கிறார்கள். நாம் 'உஷார்ப்படுத்துதல்' என்று சொல்லிக்கொள்ளலாம். பாசிச் சாறுகள் பெரும்பாலும் இந்த உஷார் நிலையை உண்டாக்குவதாகத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. விளைச்சலுக்குப் பெரிய நட்டம் வராமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

ஒரு இலையில் அடித்த மணி செடி முழுக்க எப்படிக் கேட்கிறது? 1961-இல் ஏ.எஃப். ராஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் புகையிலைச் செடியின் கீழ் இலைகளில் ஒரு வைரஸைத் தேய்த்தார். சில நாள் கழித்து, தொடாத மேல் இலைகளில் அதே வைரஸைத் தேய்த்தபோது அங்கே புண்கள் சிறிதாகவும் குறைவாகவும் வந்தன. கீழே பட்ட அடி மேலே செய்தியாகப் போயிருக்கிறது. 1979-இல் ஆர்.எஃப். ஒயிட் என்பவர் இங்கிலாந்தில் புகையிலைக்கு ஆஸ்பிரினை ஊசியாகப் போட்டுப் பார்த்தார். வைரஸ் புண்கள் குறைந்தன. ஆஸ்பிரினுக்குத் தாய்ப்பொருளான சாலிசிலிக் அமிலத்தைச் செடி தானே சுரக்கிறது என்பதும், நோய் எதிர்ப்புச் செய்தியில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்பதும் பிற்பாடு உறுதியானது. சாலிசிலிக் அமிலத்தோடு ஜாஸ்மோனிக் அமிலம் என்று இன்னொன்றும் உண்டு, மல்லிகை வாசனைக்கு உறவுக்காரப் பொருள். பொதுவாகச் சொன்னால், உயிருள்ள செல்லில் ஒட்டுண்ணியாக வாழும் சாம்பல் நோய் (இலையில் சாம்பல் தூவியது போலப் படரும் பூசணம்) போன்றவற்றுக்கு எதிராகச் சாலிசிலிக் பாதையும், செல்லைக் கொன்று தின்னும் பூசணங்களுக்கு எதிராக ஜாஸ்மோனிக் பாதையும் முன்னால் வரும். பாசிக்குப் பாசி, பயிருக்குப் பயிர், தூண்டப்படும் பாதை மாறும். எல்லா நோய்க்கும் ஒரே பாட்டில் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வயலில் பலன் உண்டா என்ற கேள்விக்கு வருவோம். லாமினாரினை மட்டும் பிரித்தெடுத்துச் செய்த தயாரிப்பு ஒன்று 2000-களின் தொடக்கத்திலேயே பிரான்சில் கோதுமையின் சாம்பல் நோய்க்கு எதிராக அனுமதி பெற்றது. 2008-இல் வெளியான கனடா ஆய்வில் அஸ்கோபில்லம் என்ற பழுப்புப் பாசியின் சாற்றைத் தெளித்த கேரட்டில் இரண்டு விதமான இலைப் பூசண நோய்கள் குறைந்தன. கூடவே செடியின் காவல் நொதிகள் ஏறியிருந்ததையும் அளந்து காட்டினார்கள். அதே பாசியை வெள்ளரியில் சோதித்தபோது, சாற்றையும் பூசணக்கொல்லியையும் மாற்றி மாற்றி அடித்தது நன்றாக வேலை செய்தது. எனக்கு இதில் இந்தக் கடைசி விஷயம்தான் மிகவும் பிடித்தது. பாசி வந்தால் மருந்துக்கடையை மூடிவிடலாம் என்று அது சொல்லவில்லை. நான்கு முறை அடிக்கிற மருந்தை இரண்டாகக் குறைக்க வழி இருக்கலாம் என்கிறது. வத்தலில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று வாங்குகிறவர்கள் சோதித்துப் பார்க்கும் காலத்தில் அதுவே பெரிய விஷயம். நம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு வேறு கிடைத்திருக்கிறது.

அளவோடு எதிர்பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உஷார்ப்பட்ட செடியிலும் நோய் வரும், குறைவாக வரும். மூன்று நாள் அடைமழையில் இலை காயவே இல்லை என்றால் எந்தக் கூண்டும் போதாது. அப்போது மான்கோசெப்போ காப்பர் ஆக்சிகுளோரைடோ போன்ற பூசணக்கொல்லி தேவைப்படும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நோஞ்சான் செடி மணி கேட்டாலும் எழுந்திருக்காது. தண்ணீரும் சத்தும் இல்லாத செடியிடம் காவலுக்குச் செலவழிக்கக் கையில் ஒன்றும் இருக்காது. நோய் வந்த பழத்திலிருந்து விதை எடுத்துவிட்டுப் பாசியை நம்பிப் பயன் இல்லை. நல்ல விதை, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தைக் கலந்து விதைநேர்த்தி, நெருக்கம் குறைத்த நடவு, காய்ந்த கிளைகளை வெட்டி எரிப்பது, இவையெல்லாம் சரியாக இருக்கும் வயலில்தான் சாறு தன் பங்கைச் செய்யும்.

அடிக்கிற நேரத்துக்கு வருவோம். செடி முழு உஷாருக்கு வர ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். வந்தபின் அந்த நிலை ஏறக்குறைய ஒன்றிரண்டு வாரம் நிற்கும். அதனால் நோய்க்காலத்துக்கு முன்னாலிருந்தே பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் தெளிப்பார்கள். முண்டு மிளகாயில் பூ எடுக்கும்போதும் காய் பச்சையாக இருக்கும்போதும் தெளித்தால்தான் அந்தப் பதுங்குகிற கொலெட்டோட்ரைக்கத்தை வாசலில் பிடிக்க வாய்ப்பு. சாம்பல் நோய்க்கு மழை தேவையில்லை, மார்கழிப் பனியும் வறண்ட பகலும் போதும். அதற்குக் கார்த்திகைக் கடைசியிலேயே தொடங்க வேண்டும். காலையிலோ வெயில் தாழ்ந்தோ, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடிக்க வேண்டும். அளவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். ஒன்றில் சாறு அப்படியே இருக்கும், இன்னொன்றில் சுண்டக் காய்ச்சியது இருக்கும். பக்கத்து வயல்காரர் அளவைக் கேட்டு அடிக்காமல் லேபிளைப் படியுங்கள்.

லேபிள் என்றதும் இன்னும் இரண்டு விஷயம். கடையில் விற்கும் 'கடல்பாசி' பாட்டில்களில் பலவற்றில் இருப்பது நம் பாசியே இல்லை. அஸ்கோபில்லம் என்று போட்டிருந்தால் அது வட அட்லாண்டிக் குளிர்க்கடலில் வளர்வது. கனடா, அயர்லாந்து, நார்வே பக்கத்துச் சரக்கு. கப்பாபைகஸ் அல்லது சர்காசம் (நம் கட்டக்கோரை) என்றிருந்தால் நம் பக்கத்ததாக இருக்கலாம். பழுப்புப் பாசியிலும் சிவப்புப் பாசியிலும் உள்ள மாவுப்பொருள் வேறு வேறு என்று மேலே பார்த்தோம்; அஸ்கோபில்லம் பழுப்பு, கப்பாபைகஸ் சிவப்பு. ஒன்றின் ஆய்வு முடிவைக் காட்டி மற்றதை விற்பதும் நடக்கிறது.

இரண்டாவது, சட்டம். 2021-இல் மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தி, பாசிச் சாறு போன்றவற்றை உயிர்த்தூண்டிகள் என்ற வகையில் சேர்த்தது. வளர்ச்சிக்கும், சத்தை உறிஞ்சுவதற்கும், வறட்சி போன்ற நெருக்கடியைத் தாங்குவதற்கும் உதவுவது என்பது அந்த வகைக்கான வரையறை. பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருகிற எதுவும் அதில் சேராது. அதாவது, உயிர்த்தூண்டியாகப் பதிவான பாட்டிலில் 'பூசணத்தை ஒழிக்கும்' என்று எழுதவே கூடாது. சித்தப்பாவிடம் கடைக்காரர் வாயால் சொன்னது லேபிளிலும் இருந்ததா என்று தெரியவில்லை. அந்தப் பாட்டிலைத் தேடிப் பார்த்தோம், அதில் மண்ணெண்ணெய் ஊற்றிவைத்திருந்தார், லேபிள் ஊறிப்போயிருந்தது.

பாசிச் சாறு அடித்ததும் செடி பச்சைப்பசேல் என்று ஆவதைப் பார்த்து நோய் எதிர்ப்பு வந்துவிட்டது என்று முடிவு கட்டவும் வேண்டாம். கப்பாபைகஸ் சாற்றில் பொட்டாசியம் ஏராளம், வளர்ச்சி ஊக்கிகளும் கொஞ்சம் உண்டு. பச்சை அவற்றால் வருவது. சாற்றில் காவலைத் தூண்டும் சங்கிலிகள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்பது எடுத்த முறையைப் பொறுத்தது. பச்சையாகப் பிழிந்த கப்பாபைகஸ் சாற்றில், கேரஜீனனின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும் அல்லவா? அதே பாசியைக் காரத்திலோ வெந்நீரிலோ வேகவைத்து எடுத்தால் கரைசலில் அது கூடுதலாக இருக்கும்.

வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கரையொதுங்கிய பாசியை வெல்லத்தோடு ஊறவைத்துப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். செய்வதானால், நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசாமல் செய்யாதீர்கள். கடலாடி, சாயல்குடிப் பக்கம் மண்ணும் கிணறும் ஏற்கெனவே உப்பு. அதற்குமேல் கடலுப்பையும் இலையில் தெளித்தால் ஓரம் கருகும், அதை நோய் என்று நினைத்து இன்னொரு பாட்டில் வாங்க வேண்டிவரும். உயிரோடு பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிடுங்கவும் வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. மீன்குஞ்சு ஒளிந்து வளர்வது அந்தப் பாசிக்குள்தான். வளர்க்கிற பாசியிலும் சிக்கல் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த கப்பாபைகஸ் குருசடைத் தீவின் பவளப்பாறைமேல் படர்ந்து மூடியதைச் சூழலியலாளர்கள் 2008-இலேயே எழுதிவிட்டார்கள். மன்னார் வளைகுடாவை விட்டு பாக் நீரிணைப் பக்கம் அதை வளர்க்க வைத்ததில் இந்த அச்சத்துக்கும் பங்கு உண்டு. எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து வளமாவூரில் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே உள்ளூர்ப் பாசிகளான கஞ்சிப்பாசிக்கும் கட்டக்கோரைக்கும் எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இறால் ஓட்டைப் பற்றி நடுவில் ஒரு வரி சொன்னேன். அந்தக் கைட்டினைப் பதப்படுத்திக் கைட்டோசான் ஆக்கித் தெளித்தாலும் இதே மாதிரி செடி உஷாராகும். பூசணத்தின் சட்டையை உரித்து வந்து காட்டுவது போல. மண்டபத்தில் மீன் கம்பெனி வாசலில் ஈ மொய்க்கக் கிடக்கும் ஓடுகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். அது தனிக் கதை.

சித்தப்பா இந்த வருடம் மறுபடி முயன்றுபார்க்கச் சம்மதித்திருக்கிறார். ஒரு நிபந்தனை நான் போட்டேன்: நடுவில் நான்கு வரிக்குச் சாறு அடிக்கக் கூடாது, வெறும் தண்ணீர்தான் அடிக்க வேண்டும். இல்லையென்றால் நோய் குறைந்தது சாற்றாலா, மழை குறைந்ததாலா என்று எப்படித் தெரியும்? முதலில் முறைத்தார். பிறகு அவரே அந்த நான்கு வரியின் முனைகளிலும் வேலிக்கருவைக் குச்சியை நட்டு, சித்தியின் பழைய சேலைக் கிழிசலைக் கட்டிவிட்டார். கார்த்திகையில் முதல் தெளிப்பு முடிந்தது, காய் பிடித்ததும் இரண்டாவது. பறிப்பு நாளில் குச்சி நட்ட வரிகளின் பழத்தைத் தனிச் சாக்கில் போட வேண்டும் என்று பறிக்க வரும் பெண்களிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். "ஏன்ணே, அது என்ன சாமிக்கா?" என்று கேட்டார்களாம்.